ஐந்தடி தூரம் ஓடிப்போன நெசவாளி

க்ராடன் ஒன்றியத்து ஏழைகள் பாதுகாவலர் சபையின் கதவைப் பதினோரு வருஷம் திறந்து மூடியவன் நான். பெயர் ஏமஸ் லம். உள்ளே பேசுவதெல்லாம் என் காதில் விழும். விழுந்த எதையும் நான் கேட்கவில்லை என்பதுதான் உத்தியோகம். கதவை மட்டும் திறந்து வாயைத் திறக்காமல் இருந்ததற்காக வருஷா வருஷம் ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். இப்போது நான் வேலையில் இல்லை, கோட்டுகளையும் அந்துப்பூச்சி தின்றுவிட்டது. ஆகவே பேசலாம்.

ஒன்றியத்தில் இரண்டு ஊர்கள்: மேல் க்ராடன், கீழ் க்ராடன். சபை மேசைக்கு வலப்பக்கம் மேல் க்ராடன் கனவான்கள் ஆறு பேர், இடப்பக்கம் கீழ் க்ராடன் கனவான்கள் ஆறு பேர். ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளை மட்டுமே காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். ஆகவே சபை கூடும் செவ்வாய்க்கிழமைகளில் முக்கால்வாசி நேரம், வந்து நிற்கிற ஏழை உன் ஏழை, என் ஏழை இல்லை என்று நிரூபிப்பதிலேயே போகும். மீதி நேரத்தில் டீயும் கேக்கும். நிரூபித்து முடியும்வரை ஏழை நின்றுகொண்டிருப்பான். உட்கார்ந்தால் சபையை அவமதித்ததாகும்.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜாபேஸ் ஹோல்ராய்ட் வந்தான். கைத்தறிக் கம்பளி நெசவாளி. ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள். தறிக்கட்டையில் குனிந்து குனிந்து, நிமிர்ந்து நின்றாலும் எதையோ கீழே தேடுகிறவன்போல இருப்பான். அவனிடம் நெய்யக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் சபைத் தலைவர் செப்டிமஸ் க்ரௌதர் ஐயாவேதான். ஐயாவின் மில்லில் நீராவித் தறிகள் ஓட ஆரம்பித்த பிறகு நூல் வருவது நின்றுபோயிற்று. பையிலிருந்த ஓட்ஸ் மாவும் தீர்ந்த பிறகு ஜாபேஸ் எங்கள் கதவுக்கு வந்தான். அதுவரை அவன் யாரிடமும் கைநீட்டியவன் இல்லை. எனக்குத் தெரியும், அவன் தெருவில்தான் நானும் வளர்ந்தேன்.

அவன் கேட்டது பெரிய சமாச்சாரம் இல்லை. மனைவி கெசையாவுக்கு நெஞ்சுக் கோளாறு, படுத்த படுக்கை. குளிர்காலம் தாண்டும்வரை வாரம் ஒரு ரொட்டியும் ஒரு கூடை நிலக்கரியும் வீட்டுக்குக் கிடைத்தால் போதும் என்றான்.

தலைவர் அவனை அன்போடு பார்த்தார். அவருக்கு அன்பு வந்தால் நமக்குக் கால் நடுங்கும். "ஜாபேஸ், உனக்குத்தான் பெரிய கட்டடமே கட்டி வச்சிருக்கோமே, ஏழைகள் விடுதி. ரெண்டு பேரும் வாங்க. சாப்பாடு, துணி, கூரை, எல்லாம் சும்மா."

"அங்க ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்னு சொல்றாங்களே ஐயா."

"ஆமா. நடுவுல சுவர். ஒழுக்கம் வேணும்ல?"

"அவளுக்கு இருமல் வந்தா தானா எழுந்து உக்கார முடியாதுங்க. நான் முதுகைத் தாங்கிப் புடிக்கணும். பக்கத்துல ஆள் இல்லாட்டி மூச்சு நின்னுடும்." இதைச் சொல்லிவிட்டு, சொல்லலாமா கூடாதா என்று யோசித்து, இதையும் சொன்னான்: "முப்பத்தோரு வருஷமா நாங்க பிரிஞ்சு இருந்ததே இல்லைங்க."

தலைவர் பத்து நிமிஷம் பேசினார். மனப்பாடமாகச் சொல்கிறேன்: "கனவான்களே, வீட்டுக்கே ரொட்டி அனுப்பினால் ஏழைக்குச் சுயமரியாதை போய்விடும். அவன் சுயமரியாதையைக் காப்பாற்றத்தான் நாம் ரொட்டி கொடுப்பதில்லை. என் மில்லில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். பசிக்கிறது என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. சொன்னவர்கள் அந்த முந்நூறில் இப்போது இல்லை." இரண்டு பக்கமும் மேசையைத் தட்டின.

அதோடு அனுப்பியிருப்பார்கள். சபைக் குமாஸ்தா டோர்டாஃப், படிவத்தை நிரப்ப வேண்டுமே என்று, வீடு எங்கே என்று கேட்டார். கால்வாய் மேட்டில் கடைசி வீடு என்றான் ஜாபேஸ். டோர்டாஃப் வரைபடத்தை விரித்தார். விரித்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். இரண்டு ஊர்களையும் பிரிக்கும் எல்லைக்கோடு அந்த ஒற்றை அறை வீட்டின் நடுவே போனது. ஜன்னல் பக்கம் கீழ் க்ராடன். கணப்படுப்புப் பக்கம் மேல் க்ராடன்.

சபையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இவன் நிச்சயமாக எங்களுடையவன் இல்லை என்று பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

துணைத்தலைவர் சட்க்ளிஃப் கீழ் க்ராடன்காரர், மளிகைக்கடை வைத்திருந்தார். மனிதன் எங்கே படுக்கிறானோ அதுவே அவன் இருப்பிடம் என்று பழைய தீர்ப்பு இருப்பதாக ஞாபகப்படுத்தினார். கட்டில் எங்கே கிடக்கிறது என்று கேட்டார்.

இங்கேதான் ஜாபேஸ் தப்புப் பண்ணினான். பொய் சொல்லத் தெரியாதவன் எங்கள் கதவுக்கு வரவே கூடாது. முப்பது வருஷமாகக் கட்டில் ஜன்னலோரம்தான் கிடந்தது, நவம்பரில் அவளுக்குக் குளிர் தாங்கவில்லை என்று அடுப்போரம் இழுத்துப் போட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான்.

மேல் க்ராடன் பக்கம் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. "அதாவது, நவம்பர்ல நீ எங்க ஊருக்குக் குடியேறியிருக்கே," என்றார் மேல் க்ராடன்காரரான தலைவர். "யாருகிட்டயும் சொல்லாம."

"ஐயா, நான் கட்டிலைத்தான் நகர்த்தினேன்."

"எல்லாக் குடியேறிகளும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க."

வரைபடம் தொண்ணூறு வருஷம் பழையது, எலி வேறு கடித்திருந்தது. எனவே எல்லையை நேரில் நடந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், பாதிரியாரை முன்னால் விட்டு ஊரார் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். கையில் வில்லோ மரக் குச்சி இருக்கும். எல்லைக்கல் வந்த இடத்தில் கல்லைக் குச்சியால் அடிப்பார்கள். கூட வந்தவர்களில் ஒருவனைத் தூக்கி, கல்லின் மேல் பின்புறம் படும்படி மூன்று தரம் மோதுவார்கள். எல்லை எங்கே என்பது அவனுக்குச் சாகிறவரை மறக்காது. முடிவில் எல்லோருக்கும் பீர்.

மே வர இன்னும் நாலு மாதம் இருந்தது. பசி அவ்வளவு நாள் காத்திருக்காது என்று தலைவர் பெரிய மனதோடு சொல்லி, எல்லை நடையைப் பிப்ரவரிக்கு முன்தள்ளினார். பிப்ரவரி வரைக்கும் பசி காத்திருந்தது.

அன்று முழங்கால் வரை பனி. பாதிரியார், சபையார் பன்னிரண்டு பேர், டோர்டாஃப், அளவுச் சங்கிலியோடு ஒரு சர்வேயர், பீருக்காக வந்த நாற்பது பேர், இத்தனை பேரும் ஜாபேஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எல்லை ஜன்னலின் விளிம்பு வழியாக உள்ளே நுழைகிறது என்றார் சர்வேயர். கதவு ஒரு கஜம் தள்ளித் திறந்தே கிடந்தது. ஆனால் எல்லை கதவு வழியாகப் போகவில்லையே! பாதிரியாரை நாலு பேர் சேர்ந்து ஜன்னலில் ஏற்றி உள்ளே தள்ளினார்கள். அவர் உள்ளே விழுந்த இடத்திலிருந்தே பைபிள் சங்கீதத்தைத் தொடர்ந்து படித்தார். நான் கதவு வழியாக நுழைந்து, உள்ளே வருபவர்களின் தொப்பிகளை வாங்கி வைத்தேன்.

கெசையா கட்டிலில் மூன்று கோட்டுகளைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கனவான்கள் ஒவ்வொருவராக ஜன்னல் வழியே இறங்குவதைப் பார்த்தாள். "ஏமஸ், இவங்க வீட்ல எல்லாம் கதவு கிடையாதா?" என்று என்னிடம் கேட்டாள். சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, ஜாபேஸ் ஓடிப்போய் முதுகைத் தாங்கினான்.

தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கட்டில் முழுசாக மேல் க்ராடனில் கிடந்தது. தறியும் தறிப்பலகையும் கீழ் க்ராடனில். நடுவில் ஐந்தடி என்று சர்வேயர் எழுதினார். ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் கிடந்த கல்தான் எல்லைக்கல் என்று முடிவானதும், சாட்சி வேண்டுமே என்று ஜாபேஸையே தூக்கி மூன்று தரம் மோதினார்கள். கனம் இல்லாத ஆள், தூக்கியவர்களுக்குச் சிரமமே இல்லை. மூன்றாம் மோதலில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கு மட்டும் கேட்டது: "ரொட்டி எப்ப தருவாங்கன்னு கேளு ஏமஸ்." கேட்பது என் உத்தியோகம் இல்லை. நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் விசாரணை. கட்டில் மேல் க்ராடனில் இருப்பதால் பெண்பிள்ளை மேல் க்ராடன் பொறுப்பு என்று துணைத்தலைவர் வெற்றியோடு சொன்னார். தலைவர் அசரவில்லை. மனைவிக்கென்று தனியாக ஓர் ஊர் கிடையாது, புருஷன் ஊரே அவள் ஊர் என்பது சட்டம். சரி, புருஷன் எங்கே படுக்கிறான்?

"நான் படுக்கறதில்லைங்க," என்றான் ஜாபேஸ். "அவ மூச்சு விட எடம் வேணும், ஒத்தக் கட்டில். நான் தறிப்பலகையில உக்காந்தே கண்ணை மூடிப்பேன். இருமுனா எழுந்து போவேன்."

தறிப்பலகை கீழ் க்ராடன்! தலைவர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தார். அவர் குரல் கனிந்தது. "கனவான்களே, இது வெறும் ரொட்டி விவகாரம் என்று நினைத்தோம். இப்போது பாருங்கள். ஒருவன் கீழ் க்ராடனில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய நோயாளி மனைவியோ வேறோர் ஊரில், தன்னந்தனியாக, ஆதரவற்றுக் கிடக்கிறாள். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர், திரு. டோர்டாஃப்?"

டோர்டாஃப் புத்தகத்தைப் புரட்டினார். "மனைவியைக் கைவிட்டு ஓடிப்போதல், ஐயா. ஒரு மாதக் கடுங்காவல்."

ஜாபேஸ் மெதுவாகக் கேட்டான்: "எங்கிருந்துங்க ஓடிப்போனேன்?"

"அளந்து பார்த்தாச்சு," என்றார் தலைவர். "அஞ்சடி."

தீர்ப்பு சொல்ல வேண்டியவர் மாஜிஸ்திரேட். எங்கள் ஊர் மாஜிஸ்திரேட்டும் க்ரௌதர் ஐயாதான். அதற்கு வேறு அறை, வேறு நாற்காலி. அறை மாற அரைமணி நேரம் இடைவேளை விட்டார்கள். நடைவழியில் ஜாபேஸ் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். குற்றத்தை மறுத்துவிடட்டுமா என்று கேட்டான். தான் ஓடிப்போனவன் இல்லை என்று அண்டை அயலாரே சொல்வார்களே என்றான்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் நாக்கை அன்று நான் அடக்கியிருக்கலாம். பதினோரு வருஷம் அடக்கியவன்தானே. விதிப்புத்தகத்தில் பதினேழாம் விதி எனக்கு மனப்பாடம்: கைவிடப்பட்ட மனைவிக்கு, விடுதிக்குப் போகாமலே, வீட்டுக்கே, வாரம் ஒரு நாலு ராத்தல் ரொட்டியும் ஒரு கூடை நிலக்கரியும். அதை அவனிடம் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். "நான் இருந்தா கெடையாது. நான் விட்டுட்டுப் போயிட்டா உண்டு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"முதுகைத் தாங்கறது யாரு?"

என் தங்கை ரூத் கால்வாய் மேட்டில்தான் இருக்கிறாள், அவள் போய்ப் பார்த்துக்கொள்வாள் என்றேன். அவளுக்கு மில்லில் பன்னிரண்டு மணி நேர வேலை என்பதை நான் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியும்.

உள்ளே போய், ஆமாம், ஓடிப்போனேன் என்று ஒத்துக்கொண்டான். மாஜிஸ்திரேட் க்ரௌதர், சபைத்தலைவர் க்ரௌதர் கொண்டுவந்த குற்றச்சாட்டு தெளிவாகவும் நேர்மையாகவும் இருப்பதாகப் பாராட்டிவிட்டு, ஒரு மாதம் போட்டார். வேக்ஃபீல்ட் சிறைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவர அனுமதி கேட்டான். ஓடிப்போனவன் சொல்லிக்கொண்டு போவது முறையில்லை என்று மறுத்துவிட்டார்கள். நான்தான் போய்ச் சொன்னேன்.

கெசையா முழுதும் கேட்டாள். "முப்பத்தோரு வருஷமா எப்படா ஓடிப்போவான்னு பாத்துட்டிருந்தேன்," என்றாள். "இப்பத்தான் அந்த மனுஷனுக்குத் தைரியம் வந்திருக்கு." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் கம்பளிக் கழுத்துத்துணியை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், சிறையில் குளிருமே, அனுப்ப முடியுமா என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

அந்த வாரமே ரொட்டி வந்தது. நிலக்கரியும் வந்தது. நானே ரொட்டியை எடுத்துக்கொண்டு போனேன், சுடச்சுட இருந்தது. வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

இரண்டாம் செவ்வாய், டோர்டாஃப் எழுந்து ஒரு சந்தேகம் என்றார். கைவிடப்பட்ட மனைவி என்றால், புருஷன் இருக்குமிடம் தெரியாதவள் என்று விதியில் விளக்கம் இருக்கிறது. ஜாபேஸ் ஹோல்ராய்ட் இருக்குமிடம் தெரியும். நாம்தான் அனுப்பினோம். சிறையின் எந்தக் கொட்டடி என்பதுகூடத் தெரியும்.

தலைவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்படியானால் அந்த அம்மாள் கைவிடப்பட்டவள் இல்லை."

"இல்லை ஐயா."

"நல்ல செய்தி. பாவம், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்." ரொட்டி நின்றது. நிலக்கரியும் நின்றது.

கைவிட்டதே இல்லை என்றால் அவன் ஏன் சிறையில் இருக்கிறான் என்று துணைத்தலைவர் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, மளிகைக்காரர், தராசு பார்த்துப் பழகியவர். அது மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பு, அதில் தலையிட இந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை என்று மாஜிஸ்திரேட் பதில் சொன்னார்.

ரூத் காலையில் மில்லுக்குப் போகும் வழியிலும் மாலையில் திரும்பும் வழியிலும் எட்டிப் பார்த்து, ஓட்ஸ் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தாள். நடுவில் உள்ள நேரத்துக்கு ஆள் இல்லை. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை ரூத் மாலையில் போனபோது கெசையா கட்டிலிலிருந்து பாதி எழுந்த வாக்கில், ஒரு கை ஊன்றியபடி, இறந்து போயிருந்தாள். தானாக எழுந்து உட்காரப் பார்த்திருக்கிறாள்.

உடலைக் கீழ் க்ராடன் ஏற்பதா மேல் க்ராடன் ஏற்பதா என்று சபை இரண்டு மணி நேரம் பேசி, சமரசமாக முடித்தது. சவப்பெட்டி கீழ் க்ராடன், மூடி மேல் க்ராடன். இரண்டு ஊர்த் தச்சர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூடி ஓரங்குலம் குட்டையாக இருந்தது.

ஜாபேஸ் மார்ச் மாதக் கடைசியில் வெளியே வந்தான். சிறையில் காலால் மிதித்துச் சுற்றும் ராட்டினத்தில் போட்டிருந்தார்கள். நடை மாறியிருந்தது, தட்டையான தரையிலும் படி ஏறுகிறவன்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். நேரே வீட்டுக்குப் போயிருக்கிறான். செய்தியை ரூத் சொன்னாள். கட்டிலையும் தறியையும் சபை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. வெறும் தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தது. கெசையாவின் தலையணைக்கடியில் இருந்ததென்று ரூத் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொடுத்தாள். சிறைக்கு அனுப்ப முடியாமல் போன அவனுடைய கழுத்துத்துணிதான் அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவனைச் சபை கூப்பிட்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தலைவர் மகிழ்ச்சியாக இருந்தார். இனி இந்த வழக்கில் எந்தச் சிக்கலும் இல்லை, மனுதாரர் இப்போது தனி ஆள், விடுதியில் ஆண்கள் பக்கத்தில் இடம் இருக்கிறது, சுவரைப்பற்றி இனி அவருக்கு ஆட்சேபம் இருக்க முடியாது என்றார். பொறுமையாக இருந்தால் எல்லாமே தானாகத் தீர்ந்துவிடும் என்பதற்கு இது உதாரணம் என்றும் சொன்னார்.

ஜாபேஸ் கழுத்துத்துணியை மேசைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே பாதி ரொட்டி. கல்லாகக் காய்ந்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கத்தியால் நேராக வெட்டியிருந்தாள்.

"நீங்க கொடுத்தது ஒரே ஒரு ரொட்டிங்க," என்றான். "அதுலயும் பாதிய எனக்குன்னு வச்சிட்டா. நான் வர்றப்போ பசியோட வருவேன்னு. அவ சாப்பிடலை. இதை நீங்க பாக்கணும்னு எடுத்தாந்தேன்."

துணைத்தலைவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஹா, இவர்களுக்கும் உறைத்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

தலைவர் கை நீட்டி ரொட்டியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"திரு. டோர்டாஃப், எழுதிக்கொள்ளுங்கள். கனவான்களே, நாம் இத்தனை வருஷம் எவ்வளவு பெரிய தவறு செய்துகொண்டிருந்தோம்! நோயாளிப் பெண். மூன்று வாரம். கொடுத்தது ஒரு ரொட்டி. அதில் பாதி மிச்சம். நான் சொல்லவில்லை, ரொட்டியே சொல்கிறது. ஏழைகளின் உண்மையான தேவை என்ன என்பதை ஓர் ஏழையே நம் மேசைக்குக் கொண்டுவந்து காட்டியது இதுவே முதல் தடவை. ஜாபேஸ், உனக்கு இந்தச் சபை கடமைப்பட்டிருக்கிறது."

பதினேழாம் விதியில் 'ஒரு ரொட்டி' என்பதை 'அரை ரொட்டி' என்று திருத்தத் தீர்மானம் வந்தது. வலப்பக்கம் ஆறு கைகளும் உயர்ந்தன. இடப்பக்கம் ஐந்து கைகள் உயர்ந்தன, கொஞ்சம் பொறுத்துத் துணைத்தலைவரின் கையும் உயர்ந்தது. பதினோரு வருஷத்தில் இரண்டு க்ராடன்களும் ஒன்றாகக் கை தூக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

ஜாபேஸ் கழுத்துத்துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ரொட்டி சபையின் சாட்சிப் பொருள் என்பதால் திருப்பித் தரவில்லை. அவனை விடுதியின் ஆண்கள் பக்கத்துக்கு நான்தான் அழைத்துப்போய் விட்டேன்.

அடுத்த செவ்வாய் நடைவழியில் ஒன்பது கைவிடப்பட்ட மனைவிகள் நின்றிருந்தார்கள். புதிய விதியை அவர்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். கேட்கவில்லை, இன்னும் சத்தமாகப் படி என்று உள்ளேயிருந்து தலைவர் சொன்னார். இன்னும் சத்தமாகப் படித்தேன்.